நூற்று நாற்பது எச்சரிக்கைகளை அடக்கிய ஒரு வரி

திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்கு அவள் திரையில் நின்ற எண் 417. அத்தனையும் எச்சரிக்கைகள். வியாழக்கிழமை பதினொரு மணிக்குள் அது பூஜ்யமாக வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அவளுக்கு வயது நாற்பத்து நான்கு, இந்த வேலையில் பதினாறு வருடம். தன் கண்ணால் பார்க்காத பூஜ்யத்துக்கு அவள் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை.

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'பிரேக்'. வைத்தவர்கள் அதைப் பாராட்டாக வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் "இது போகக்கூடாது" என்று ஒருத்தி சொன்னால் வேறு என்ன பெயர் கிடைக்கும்? முதல் வருடம் அவளுக்கு வருத்தமாக இருந்தது. இரண்டாம் வருடம் காபிக் கோப்பையில் அவளே அதை எழுதி ஒட்டிக்கொண்டாள்.

நாலாவது மாடி, இருபத்தேழு பேர், இரண்டு ஏசி, அதில் ஒன்று மட்டும் ஓடும். அந்தச் சின்னக் கம்பெனி செய்யும் மென்பொருள் மருத்துவமனை வார்டுகளில் ஒரு லேபிளை அச்சடிக்கிறது. எந்த நோயாளி, எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு. அவ்வளவுதான். அறுபத்திரண்டு மருத்துவமனைகளில் நர்சுகள் அந்த லேபிளைப் பார்த்துத்தான் ஊசியில் மருந்து ஏற்றுகிறார்கள்.

இந்த மென்பொருளில் கம்பெனி எழுதியது கொஞ்சம். மீதி ஆயிரத்து முந்நூறு பேக்கேஜ்கள். முகம் தெரியாத ஆட்கள் எழுதி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் வைத்த நிரல்துண்டுகள். தேதியைக் கணக்கிட ஒன்று, படத்தைச் சுருக்க ஒன்று, அந்தச் சுருக்குகிற பேக்கேஜுக்கே உதவியாக இன்னும் ஆறு. எழுதியவர் ஒரு பள்ளி ஆசிரியராக இருக்கலாம், ரயிலில் உட்கார்ந்து எழுதியிருக்கலாம், இரண்டு வருடமாகத் திரும்பிப் பார்க்காமலும் இருக்கலாம். அவற்றில் ஏதாவது ஒன்றில் யாராவது ஓட்டை கண்டுபிடித்தால் அது உலகத்துக்கே பொதுவான பட்டியல் ஒன்றில் ஏறும். கம்பெனி மென்பொருளைச் சேர்த்துக் கட்டுகிற ஒவ்வொரு முறையும், அதாவது ஒவ்வொரு 'பில்ட்'டின்போதும், ஸ்கேனர் என்ற சோதனை நிரல் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சிவப்பாக ஒரு வரி போடும்.

பெரும்பாலான சிவப்பு வரிகள் நம் வீட்டில் இல்லாத ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை என்று வரும் புகார்கள். ஆனால் எந்த ஜன்னல் நம் வீட்டில் இல்லை என்பதை யாராவது ஒருவர் போய்ப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் அவள்.

"எத்தனை?" என்றார் மேனேஜர், கதவோரம் நின்றபடியே.

"நானூத்திப் பதினேழு."

"போன மாசம் நூத்திச் சொச்சம்தானே இருந்துச்சு?"

"ஸ்கேனரை மாத்துனீங்களே சார். பழசு தூங்கிக்கிட்டு இருந்துச்சு. இது முழிச்சுக்கிட்டு இருக்கு."

"இதையும் கொஞ்சம் தூங்க வைக்க முடியாதா?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. வியாழக்கிழமை வரப்போகிறவர் மருத்துவமனைகளின் கூட்டமைப்பு அனுப்பும் தணிக்கையாளர். அவர் கொண்டுவரும் படிவத்தில் ஒரு வரி இருக்கும். 'அறியப்பட்ட, தீர்க்கப்படாத கடும் எச்சரிக்கைகளின் எண்ணிக்கை.' பக்கத்தில் ஒரு கட்டம். கீழே, பில்டுக்குப் பொறுப்பானவரின் கையெழுத்து. அடுத்த மூன்று வருட ஒப்பந்தம் அந்தக் கட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தது.

தேவையில்லாத எச்சரிக்கையை வாய்மூட வைக்க வழி உண்டு. 'மியூட் பட்டியல்' என்று ஒரு கோப்பு. எச்சரிக்கையின் எண், ஏன் பொருட்படுத்தவில்லை, யார் பார்த்தது, எந்தத் தேதி வரை. தொண்ணூறு நாளுக்கு மேல் எதையும் மூடி வைக்கக் கூடாது, தொண்ணூற்றோராம் நாள் அது மறுபடி கத்த வேண்டும் என்பது அவள் வைத்த விதி. நாலு மாதத்துக்கு முன்னால் அந்தக் கோப்பைத் திறந்தவளுக்குக் காது சூடாகிவிட்டது. காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'பார்த்தாச்சு' என்று ஒருவர். 'பரவாயில்லை' என்று இன்னொருவர். ஒருவர் வெறும் 'சும்மா'. அன்றைக்கே ஒரு பூட்டுப் போட்டாள். பார்த்தவர் பெயர் என்ற இடத்தில் அவள் பெயர் இல்லாவிட்டால் பில்ட் ஓடாது. இனி எல்லாம் தன் கண்ணைத் தாண்டித்தான் போகும் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

திங்களும் செவ்வாயும் அவள் எழுந்ததே தண்ணீர் குடிக்கத்தான். மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் பேக்கேஜ்களை முதலில் எடுத்தாள். ஒரே ஓட்டைக்கு ஒன்பது வரி கத்தியிருந்தது, அது சுலபம். சிலவற்றைப் புதிய பதிப்புக்கு மாற்றினாள், அதிலும் அவளுக்கு ஒரு விதி உண்டு. வெளிவந்து பதினான்கு நாள் ஆகாத எந்தப் பதிப்பையும் தொடமாட்டாள். ஊரெல்லாம் தின்று பார்க்கட்டும், யாருக்கும் வயிறு கெடவில்லை என்றால் நாம் எடுப்போம் என்பாள். செவ்வாய் மாலை எண் 231. மிச்சம் எல்லாம் ஒரே வகை. பில்ட் செய்யும்போது மட்டும் கம்பெனியின் கணினியில் ஓடுபவை, மருத்துவமனைக்குப் போகாதவை.

பக்கத்து மேஜைக்காரன் எட்டிப் பார்த்தான். முப்பத்தாறு வயது, இரண்டு குழந்தைக்குத் தகப்பன், புதிய பதிப்பை வெளியே அனுப்புவது அவன் வேலை. எதைக் கேட்டாலும் "ஆச்சு, ஆச்சு" என்பான், அதனால் அவன் பெயரே ஆச்சு.

"அக்கா, இது பூரா பில்டுக்கு மட்டும்தானே? கஸ்டமருக்கே போகாது. இதைப் போய் ஒவ்வொண்ணா படிக்கணுமா?"

"வெளிய போற பதிப்புக்கெல்லாம் முத்திரை குத்துற சாவி எங்க இருக்கு?"

"பில்ட் மெஷின்ல."

"அந்த மெஷின்ல ஓடறதைத்தானே படிக்கணும்?"

"நீங்க ஒரு லிஸ்ட் குடுங்க, நானும் பாதி பாக்கறேன்."

"நீ பாத்தா ரெண்டு நிமிஷத்துல ஆச்சுன்னுவே. வேண்டாம்பா. வியாழக்கிழமை காலையில நானே வந்து முடிக்கறேன்."

அவன் முகம் சுருங்கியது. அவள் அதைக் கவனித்தாள், கவனித்தும் திரும்பிக்கொண்டாள்.

புதன்கிழமை அவளுக்கு விடுமுறை. அம்மாவுக்குப் பித்தப்பையில் கல், அன்று ஆபரேஷன். மருத்துவமனை அறுபத்திரண்டில் ஒன்று. மதியத்துக்குமேல் மயக்கம் தெளிந்த அம்மா முதலில் பார்த்தது சலைன் பாட்டிலில் ஒட்டியிருந்த லேபிளை.

"இதுதான் உங்க கம்பெனி சமாச்சாரமா? ஓரம் பிச்சுக்கிட்டு நிக்குது."

"பசை நாங்க போடறதில்லம்மா. எழுத்து மட்டும்தான் நாங்க."

"எழுத்தும் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

"நர்சுக்குப் புரிஞ்சா போதும்."

"உடம்புக்குள்ள போறது எனக்கா, நர்சுக்கா?"

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் தையல் வலிக்கச் சிரித்தார். அம்மா இன்னும் இரண்டு நாள் அங்கேதான் இருக்க வேண்டும். வியாழக்கிழமை முழுக்க அவள் கணவன் உட்கார்ந்துகொள்வதாக ஏற்பாடு. அவன் லிஃப்ட் மெக்கானிக், வரும்போதே மருத்துவமனை லிஃப்டின் சத்தம் சரியில்லை என்று முகம் சுளித்துக்கொண்டே வந்தான்.

வியாழக்கிழமை எட்டரை மணிக்கு அவள் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது திரையில் இருந்த எண் 0. பச்சை. யாரோ மேஜையில் ஒரு கேக் பெட்டியைக்கூட வைத்திருந்தார்கள். மேனேஜர் கைகொடுக்க வந்தார். "பாத்தீங்களா, மனசு வெச்சா முடியும்."

அவள் பையைக்கூட இறக்காமல் மியூட் பட்டியலைத் திறந்தாள். கடைசியில் புதிதாக ஒரே ஒரு வரி. எச்சரிக்கை எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அதன் பொருள் 'எல்லாம்'. காரணம்: 'பில்டுக்கு மட்டும்.' எந்தத் தேதி வரை: 2099 டிசம்பர் 31. யார் பார்த்தது: அவள் பெயர்.

அந்தத் தேதியை மறுபடி படித்தாள். தொண்ணூறு நாளுக்கு மேல் கூடாது என்ற விதிக்கு அவள் பூட்டுப் போடவில்லை. பெயருக்கு மட்டும்தான் போட்டிருந்தாள்.

"ஆச்சு."

"அக்கா, கோவப்படாதீங்க. சார்தான் ராத்திரிக்குள்ள முடிக்கச் சொன்னாரு. காலையிலேயே உங்களுக்கு மூணு தடவை போன் பண்ணேன், நீங்க எடுக்கலை."

"எங்க அம்மாவை ஸ்ட்ரெச்சர்ல தள்ளிக்கிட்டுப் போனாங்க. அப்ப போன் எடுக்கணுமா? என் பேரை எழுதியிருக்கே."

"வேற எந்தப் பேரு போட்டாலும் பில்ட் ஓடலையே. பூட்டுப் போட்டது நீங்கதானே."

அவள் அந்த வரியை நீக்கிவிட்டு ஸ்கேனரை ஓடவிட்டாள். நூற்று நாற்பது சிவப்பு வரிகள் இறங்கின.

"இருநூத்தி முப்பத்தொண்ணு இருந்ததே. மீதி எங்க?"

"எல்லா பேக்கேஜையும் ஒரே அடியா கடைசிப் பதிப்புக்கு மாத்துனேன். தொண்ணூத்தொண்ணு தானா போயிடுச்சு." இதைச் சொல்லும்போது அவன் குரலில் லேசாகப் பெருமை இருந்தது. எச்சரிக்கை வந்தால் புதுப்பி என்றுதான் எல்லாப் புத்தகமும் சொல்கிறது. அவன் புத்தகப்படி நடந்திருந்தான்.

"எப்ப மாத்துனே?"

"நேத்து மத்தியானம். மூணு மணி இருக்கும்."

வரிகளை ஆபத்தின் வரிசையில் அடுக்கினாள். முதல் வரி, படம் சுருக்குகிற ஒரு குட்டிப் பேக்கேஜ். லேபிளின் மூலையில் இருக்கும் சின்னத்தைச் சுருக்க மட்டும் பயன்படுவது. பழையவர் விட்டுவிட்டுப் போக, புதிதாக ஒருவர் அதை எடுத்துக்கொண்டிருக்கிறார். மூன்று நாளைக்கு முன் புதிய பதிப்பு வந்திருக்கிறது. எச்சரிக்கை வாசகம் சுருக்கமாக இருந்தது. 'இந்தப் பதிப்பு, தான் ஓடும் கணினியில் உள்ள சாவிகளைத் தேடி எடுத்து வெளியே அனுப்புகிறது.' பொதுப் பட்டியலில் அது ஏறிய நேரம் புதன் மாலை ஐந்து மணி. ஐந்து நாற்பதுக்கு ஆச்சு நட்சத்திரக் குறி போட்டிருந்தான்.

பதினான்கு நாள் காத்திருந்தால் அந்தப் பதிப்பு உள்ளேயே வந்திருக்காது. ஸ்கேனர் தன் வேலையைச் செய்திருந்தது. கத்தியது. வாயைப் பொத்தியவன் அது என்ன கத்துகிறது என்று கேட்கவில்லை.

பில்ட் கணினியிலிருந்து வெளியே போனவற்றின் பதிவைத் திறந்தாள். புதன் மதியம் மூன்று பதினான்கு. கம்பெனியில் யாருக்கும் தெரியாத ஒரு முகவரிக்கு ஒரு சின்னப் பொட்டலம். நாலு கேபி, அதாவது கிலோபைட். முத்திரைச் சாவி மூன்று கேபிக்குக் கொஞ்சம் மேல்.

அந்தச் சாவிதான் கம்பெனியின் கைநாட்டு. புதிய பதிப்பு எதுவானாலும் அந்தச் சாவியால் முத்திரை குத்தி அனுப்புவார்கள். முத்திரை சரியாக இருந்தால் வார்டில் இருக்கும் கணினி கேள்வி கேட்காமல் ஏற்றிக்கொள்ளும். இப்போது அந்தச் சாவி வைத்திருக்கும் யாரோ ஒருவர், ஐந்து மில்லி என்பதை ஐம்பது என்று அச்சடிக்கும் ஒரு பதிப்பை அறுபத்திரண்டு மருத்துவமனைகளுக்கும் அனுப்பலாம். அனுப்பாமலும் இருக்கலாம். அது அவர் இஷ்டம்.

மணி ஒன்பது நாற்பது. மேனேஜரின் அறைக்குள் அவள் கதவைத் தட்டாமலே நுழைந்தாள்.

"சாவியை இப்பவே ரத்து பண்ணணும்."

அவர் முழுவதும் கேட்டார். கேட்டு முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரத்து பண்ணினா என்ன ஆகும்?"

"பழைய முத்திரை செல்லாது, எல்லா வார்டுலயும் லேபிள் நிக்கும். கையால எழுதுவாங்க. அதுக்குப் படிவம் இருக்கு, பழக்கமும் இருக்கு."

"எவ்வளவு நாள்?"

"ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் நேர்ல போய்ப் புதுச் சாவி ஏத்தணும். ரெண்டு வாரம்."

"அது உண்மையிலயே திருடு போயிருக்கான்னு தெரியாது. நாலு கேபி வேற எதுவாகவும் இருக்கலாம்."

"இருக்கலாம்."

"அப்ப தணிக்கை முடியட்டும். பதினொண்ணுல இருந்து ஒரு மணி. அவர் போனதும் அமைதியா உக்காந்து பேசுவோம். கட்டத்துல பூஜ்யம் போட்டுக் கையெழுத்துப் போடுங்க. காலையில அப்படித்தானே இருந்துச்சு? பொய் இல்லையே."

"சார், அந்தப் பூஜ்யத்தை உண்டாக்குனதே என் பேருல போட்ட பொய்க் கையெழுத்து."

அவர் குரலைத் தாழ்த்தினார். கனிவுபோல் இருந்தது. "பாருங்கம்மா. உங்க அம்மா அங்க படுத்திருக்காங்க. அதனால பதட்டப்படறீங்க. எனக்குப் புரியுது."

அவளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. வார்த்தைகள் மட்டும் ஒவ்வொன்றாக வரும். அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் அது தெரியும், கண்ணாடித் தடுப்புக்கு வெளியே தட்டச்சு நின்றுவிட்டது.

"எங்க அம்மா வீட்ல நல்லா இருந்தா நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்னு நினைக்கறீங்களா? மத்தவங்க அம்மாவுக்கெல்லாம் ஐம்பது மில்லி போனா பரவாயில்லைன்னு விட்டுருவேனா? பதினாறு வருஷமா அப்படியா வேலை பாத்தேன்?"

"நான் அப்படிச் சொல்லலை."

"அப்படித்தான் சார் சொன்னீங்க."

"நான் அனுமதி தர மாட்டேன்."

அனுமதி தேவையில்லை. ஆனால் ஆள் தேவை. முத்திரைச் சாவியை ரத்து செய்ய இரண்டு பேர், ஆளுக்கு ஒரு பாதிக் குறியீடு. யாராவது ஒருவர் கோபத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிடக் கூடாது என்று கம்பெனி முன்யோசனையோடு செய்து வைத்த ஏற்பாடு. ஒரு பாதி அவளிடம். இன்னொரு பாதி ஆச்சுவிடம்.

அவன் தன் மேஜையில் குனிந்திருந்தான். திரையில் அந்த எச்சரிக்கை வாசகம். அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தான் என்பது தெரிந்தது.

"உன் பாதியைப் போடு."

"சார் வேண்டாங்கறாரே."

"கேட்டேன்."

"போட்டா நான்தான் காரணம்னு ஆகும். நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"நீதானே காரணம்?"

அவன் திரும்பினான். அவன் கண் சிவந்திருந்தது, ஆனால் அழுகையால் அல்ல. "நான் மட்டுமா? நான் பாதி பாக்கறேன்னு செவ்வாய்க்கிழமை கேட்டேன். வேண்டாம்னது யாரு? நாலு மாசமா இந்த ஆபீஸ்ல உங்களைத் தவிர யாருக்கும் கண்ணு இல்லைங்கற மாதிரி பூட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. பதினாலு நாள் விதின்னு ஒண்ணு இருக்கறதே எனக்கு இப்பத்தான் தெரியும். எங்கயாவது எழுதி வெச்சிருக்கீங்களா? எல்லாம் உங்க மண்டைக்குள்ள. நீங்க ஒருநாள் லீவு போட்டா இந்தக் கம்பெனிக்கு மண்டையே இல்லை."

யாரும் அவளிடம் இப்படிப் பேசியதில்லை. பதிலுக்குச் சொல்ல நிறைய வந்தது. பெயரைத் திருடியவன் பேசுகிறான் என்று வந்தது. 2099 என்று அடித்த கை என்று வந்தது. ஆனால் அவன் சொன்னதில் பொய் என்று ஒரு வார்த்தையை அவளால் பிடிக்க முடியவில்லை, அது கோபத்தை இன்னும் கூட்டியது.

"சரி," என்றாள். "அறிக்கை நான்தான் எழுதுவேன். நீ பண்ணினதை எழுதுவேன். ஒரு எழுத்து விட மாட்டேன். நான் பண்ணினதையும் எழுதுவேன். அதுக்குக் கீழ மட்டும்தான் என் கையெழுத்து. இப்ப போடறியா, இல்ல பதினொரு மணி வரைக்கும் யார் மேல தப்புன்னு பேசிக்கிட்டு இருக்கலாமா?"

ஆச்சு மேனேஜரின் அறையைப் பார்த்தான். கண்ணாடிக்குப் பின்னால் அவர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். கையை மட்டும் வேண்டாம் என்று ஆட்டினார். ஆச்சு விசைப்பலகையை இழுத்து வைத்து, பதினாறு எழுத்துகளை ஒவ்வொன்றாக, ஒருமுறை தப்பாகவும் மறுமுறை சரியாகவும் அடித்தான். அவள் தன் பாதியை அடித்தாள். மணி பத்து ஐந்து.

பத்து ஏழுக்கு முதல் போன் வந்தது. அதற்குப் பிறகு நிற்கவில்லை. "எங்க லேபிள் எங்கே" என்றார்கள். "இன்னைக்குப் பாத்தா" என்றார்கள். ஒரு தலைமை நர்ஸ் அவளை ஆறு நிமிடம் இடைவெளியில்லாமல் திட்டினார், திட்டி முடித்துவிட்டு, "சரி, சொன்னீங்களே, அதுக்காகவாவது நன்றி" என்று வைத்தார். இருபத்தேழு பேரும் போன் எடுத்தார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று அவள் நாலு வரி எழுதி எல்லோர் திரைக்கும் அனுப்பியிருந்தாள். முதல் வரி: 'எங்கள் சாவி திருடு போயிருக்கலாம்.' மேனேஜர் அதில் 'பராமரிப்புப் பணி' என்று திருத்தி அனுப்பினார். அவள் பழையதையே மறுபடி அனுப்பினாள். எல்லோரும் பழையதைப் படித்தார்கள்.

நடுவில் கணவனிடமிருந்து அழைப்பு. "இங்க மிஷின் நின்னுடுச்சு. நர்ஸ் கையால எழுதறாங்க. யாரையோ திட்டிக்கிட்டே எழுதறாங்க."

"யாரை?"

"உங்க கம்பெனியைத்தான். நான் லிஃப்ட் கம்பெனின்னு சொல்லிட்டேன்."

"அம்மாவுக்கு எழுதுனதை நீ ஒருதடவை டாக்டர் சீட்டோட ஒப்பிட்டுப் பாரு."

"பாத்துட்டேன். சரியா இருக்கு. பக்கத்துக் கட்டிலுக்கும் பாத்தேன்."

பதினொரு மணிக்குத் தணிக்கையாளர் வந்தார். ஒல்லியான மனிதர், ஈரக்குடையோடு. மேனேஜர் வாசலிலேயே பேச ஆரம்பித்தார், நிறைய பேசினார். தணிக்கையாளர் படிவத்தை அவளிடம் நீட்டினார். கட்டத்தில் அவள் 140 என்று எழுதினாள். பக்கத்தில், 'ஒன்று உறுதியான ஊடுருவல், சாவி ரத்து செய்யப்பட்டது, பத்து ஐந்து' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவர் இரண்டு முறை படித்தார். "இந்தக் கட்டத்துல பூஜ்யம் தவிர வேற எண்ணை நான் பாத்ததே இல்லைங்க," என்றார். அது பாராட்டா, புகாரா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கூட்டமைப்பு முடிவு செய்யும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேக்கை யாரும் வெட்டவில்லை.

மாலை நாலு மணிக்கு அவளுக்கும் ஆச்சுவுக்கும் ஆளுக்கொரு கடிதம். உத்தரவை மீறியதற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். அவள் இருபது நிமிடத்தில் எழுதினாள். முதல் காரணம், நட்சத்திரக் குறி, அதைப் போட்டவன், ராத்திரிக்குள் முடிக்கச் சொன்னவர், நேரத்தோடு. இரண்டாவது காரணம், 'பெயருக்குப் பூட்டுப் போட்டு, விதிகளை யாருக்கும் எழுதிக் கொடுக்காத நான்.' அதை எழுதும்போதும் அவளுக்குக் கோபம் தணியவில்லை. யார் மேல் என்று கேட்டால் பட்டியல் போட்டிருப்பாள், அந்தப் பட்டியல் தொண்ணூறு நாளில் காலாவதியும் ஆகியிருக்காது. ஆச்சு அதை வாங்கிப் படித்துவிட்டு, "முடிக்கச் சொன்னவரையும் எழுதிட்டீங்களே," என்றான்.

"அவர்தானே சொன்னாரு?"

"ஆமா."

"அப்புறம் என்ன? உன்னோடதை எழுது."

ஒப்பந்தம் என்ன ஆகும் என்பது கூட்டமைப்பு கூடும்போதுதான் தெரியும். புதிய சாவி வெள்ளிக்கிழமை மதியம் தயாராகும். அதை இணையம் வழியாக அனுப்ப முடியாது, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆள் கொண்டுபோக வேண்டும். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு இரண்டு வண்டிகள் கிளம்புகின்றன. முதல் நாளில் ஒன்பது மருத்துவமனைகள்: ஐந்து அவளுக்கு, நாலு ஆச்சுவுக்கு.